தங்க ரேக்கும் காந்தமும்: விஞ்ஞானி எட்வின் ஹால்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் மாணவியருக்கு ‘ஹால் விளைவு’ என்னும் பெயர் என்றாவது ஒரு நாள் கண்ணில் படும். ஒரு படம், ஒரு சூத்திரம், ஒரு சிறு வினா, அத்துடன் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவோம். அந்த ஹால் யார் என்று நாம் கேட்பதில்லை. ஹால் என்றால் பள்ளியின் கூட்ட அறைதானே என்று நினைத்துக்கொண்ட சிறுமியரும் உண்டு! உண்மையில் அது ஓர் ஆசிரியரின் பெயர். அவர் மாணவராக இருந்த காலத்தில், மாபெரும் அறிஞர் ஒருவரின் நூலில் ஒரே ஒரு வாக்கியம் பொருந்தவில்லையே என்று தயங்கி நின்றார். அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்ததே இக்கண்டுபிடிப்பு.

எட்வின் ஹெர்பர்ட் ஹால் 1855-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்தில், கோர்ஹாம் என்னும் ஊரைச் சேர்ந்த கிரேட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அதே மாநிலத்தில் பிரன்ஸ்விக் நகரிலுள்ள போடின் கல்லூரியில் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். பிறகு இரண்டு ஆண்டுகள் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். முதலாண்டு பெத்தெல் என்னும் ஊரில், அடுத்த ஆண்டு பிரன்ஸ்விக்கில்.

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளில் நாம் வழக்கமாகப் படிப்பது என்ன? சிறு வயதிலேயே கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார், வானத்து விண்மீன்களைக் கண்டு உறக்கமின்றித் தவித்தார் என்றெல்லாம் இருக்கும். ஹாலின் வரலாற்றில் அப்படி ஒன்றும் இல்லை. தமக்கு அறிவியலில் அடங்காத ஆசையோ பிறவித் திறமையோ இருந்ததாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. அது வளர்ந்துகொண்டே போகும் துறை, அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் நேர்மையாக நடந்துகொள்ள இடம் தரும் துறை என்பதாலேயே அதைத் தேர்ந்ததாகப் பிற்காலத்தில் கூறினார். பாடத்தில் மனம் ஒட்டவில்லையே, நான் இதற்குத் தகுதியானவள்தானா என்று ஏங்கும் மாணவியர் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1877-இல் ஹால் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹென்றி ரோலண்டு முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர். காந்தவியலில் அவருக்கு அதற்குள் ஐரோப்பாவிலும் பெயர் பரவியிருந்தது. ஹாலுக்குக் கிடைத்த பேறுகளில் பெரியது இந்த ஆசிரியர்தான் என்பேன்.

இங்கே வேறொரு பெயரையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஹால் அங்கே படித்த அதே ஆண்டுகளில், 1878 முதல், கிறிஸ்டின் லாட் என்ற பெண்மணி தனி அனுமதி பெற்று அப்பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். அங்கே பெண்களைச் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லை. முனைவர் பட்டத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவர் 1882-இல் முடித்துவிட்டார். பட்டமோ 1926-இல்தான் அவர் கைக்கு வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள்! ஹாலுக்கு அத்தகைய தடை ஏதும் இருக்கவில்லை. 1880-இல் அவர் முனைவரானார்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கணக்கில் இணைத்துக் காட்டிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் அக்காலத்து இயற்பியலாருக்கு வேதம் போன்றது. அதில் ஓரிடத்தில், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தின் அருகே வைத்தால் கம்பியை ஒரு விசை தள்ளுகிறது, அந்த விசை கம்பியின் மேல் செயல்படுகிறதேயன்றி உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் மேல் அன்று என்று எழுதப்பட்டிருந்தது. கம்பியை அசையாமல் இறுகப் பிடித்துவிட்டால், உள்ளே ஓடும் மின்னோட்டம் காந்தத்தைப் பொருட்படுத்தாமல் முன்போலவே ஓடும் என்பது இதன் பொருள்.

ஹாலுக்கு இது இயல்பாகத் தோன்றவில்லை. மின்னோட்டம் இல்லாத வெறும் செம்புக் கம்பியைக் காந்தம் இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. விசையின் அளவும் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைப் பொறுத்ததே தவிர, கம்பி பருத்ததா மெலிந்ததா என்பதைப் பொறுத்ததன்று. அப்படியானால் காந்தம் பிடித்துத் தள்ளுவது கம்பியையா, மின்னோட்டத்தையா? சிறிது காலம் கழித்து, ஸ்வீடன் நாட்டு அறிஞர் எட்லண்டின் கட்டுரை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அது மாக்ஸ்வெல்லின் கூற்றுக்கு நேர்மாறான எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. இரு பெரியவர்கள் முரண்படுகிறார்கள். ஹால் நேரே ரோலண்டிடம் சென்று கேட்டார்.

மாக்ஸ்வெல் தவறுவாரா, போய்ப் பாடத்தைப் படி என்று ரோலண்டு சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. தமக்கும் அதே ஐயம் உண்டு என்றும், முன்பு அவசரமாக ஒரு சோதனை செய்து பார்த்ததாகவும், அதில் பலன் கிட்டவில்லை என்றும் மறைக்காமல் கூறினார். வேறு வேலைகள் அவருக்கு மிகுதியாக இருந்தன. ஆகவே கேள்வி மாணவரின் கைக்கு வந்தது.

ஹாலின் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. காந்தம் மின்னோட்டத்தைக் கம்பியின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்குமானால், ஓடும் பாதை குறுகும், மின்தடை உயரும் என்று கணக்கிட்டார். ஜெர்மன் சில்வர் கம்பியைத் தட்டையான சுருளாகச் சுற்றி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்தார். பதின்மூன்று தொடர்களாக, ஒவ்வொரு தொடரிலும் நாற்பது அளவீடுகள் எடுத்தார். மொத்தம் 520! மின்தடை உயர்ந்ததாகச் சொல்ல அவற்றில் ஆதாரம் இல்லை. மாக்ஸ்வெல் சொன்னதே சரி என்று எழுதி மூடிவிட அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் ஹால் வேறொன்றை யோசித்தார். காந்தம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்க முயலலாம். ஒதுங்க இடம் இல்லாமல் அது ஓரத்தில் அழுந்தி மட்டும் நிற்கலாம். பள்ளித் தாழ்வாரத்தில் நெருக்கமாக நடந்து செல்லும் மாணவியரைப் பக்கவாட்டில் யாரோ தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஒரு சுவரோரம் சற்றே நெருங்கும், மறு சுவரோரம் சற்றே தளரும். நெருங்கியவர்கள் திருப்பித் தள்ளுவதால் அதற்குமேல் யாரும் ஒதுங்க முடியாது. வரிசை முன்போலவே நேராக நடந்துகொண்டிருக்கும். வேகத்தை மட்டும் அளப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. இரு சுவர்களிலும் கை வைத்துப் பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும். ஆகவே மின்னோட்டத்தின் நெடுக அளப்பதை விட்டுவிட்டு, குறுக்கே அளக்க ஹால் முடிவு செய்தார்.

ரோலண்டு முன்பு செய்த சோதனையும் இதுவே. அவர் பயன்படுத்திய உலோகத் தகடு தடிப்பாக இருந்ததால் பலன் தெரியாமல் போயிருக்கலாம். இம்முறை கண்ணாடிப் பலகையில் ஒட்டிய தங்க ரேக்கைப் பயன்படுத்துமாறு அவரே அறிவுரை கூறினார். தங்க ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தும்போது, தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் குறுக்கு மின்னழுத்தம் உயரும். தடித்த தகட்டில் அது அளவுகருவிக்கு எட்டாமல் மறைந்துவிடும்.

1879-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள். தங்க ரேக்கின் நீளவாட்டில் மின்னோட்டம் பாய்ந்தது. அதன் இரு ஓரங்களிலிருந்தும் கம்பிகள் கால்வனாமீட்டருக்குச் சென்றன. மின்காந்தத்தை இயக்கியதும் முள் நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமன்று, நகர்ந்த இடத்திலேயே நின்றது. காந்தத்தின் முனைகளை மாற்றியபோது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. புதியதொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஹால் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரங்கள், பல விதமான ஏற்பாடுகளில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்த பிறகே தம் குறிப்பேட்டில் சற்று நம்பிக்கையோடு எழுதினார். கட்டுரை அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கணித இதழில் வெளிவந்தது.

மாக்ஸ்வெல் இச்செய்தியை அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதற்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. அந்த முள் நகர்ந்த எட்டாம் நாள், நவம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவர் நோயால் காலமானார். அவருக்கு வயது 48. தம் நூலில் ஒரு வாக்கியம் திருத்தப்பட வேண்டும் என்பதை அறிந்து மகிழ்ந்திருக்கக்கூடிய மனிதர் அவர்.

இதில் வியப்பு என்னவென்றால், எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது எவருக்கும் தெரியாது. ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல், அதாவது 18 ஆண்டுகள் கழித்து. ஓடுவது எது என்று அறியாமலே அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று ஹால் அளந்துவிட்டார். அடுத்து இரும்பைச் சோதித்தபோது, குறுக்கு மின்னழுத்தம் தங்கத்துக்கு நேர்மாறான திசையில் இருக்கக் கண்டார். தாமே காந்தமாகும் உலோகங்களில் அது பன்மடங்கு பெரிதாக இருப்பதையும் கண்டு 1881-இல் எழுதினார். ஓடுவன எல்லாம் எதிர்மின்னூட்டம் உடைய எலக்ட்ரான்களே என்று பின்னர்த் தெரிந்தபோது, சில உலோகங்களில் குறி ஏன் தலைகீழாக வருகிறது என்பது பெரும் புதிராயிற்று. 1929-இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் என்ற இளைஞர் புதிய குவாண்டம் கொள்கையைக் கொண்டு அதை விளக்கினார். ஏறத்தாழ நிரம்பிய இருக்கை வரிசையில் ஒரு காலியிடம் எதிர்த்திசையில் நகர்வதுபோல, எலக்ட்ரான் இல்லாத ‘துளை’ நேர்மின்னூட்டம்போல் நடந்துகொள்கிறது.

1881-இல் ஐரோப்பா சென்று திரும்பிய ஹால், அவ்வாண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1895-இல் பேராசிரியர், 1921-இல் ஓய்வு. நாற்பது ஆண்டுகள் ஒரே இடம். நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு அவர் செய்த பெரும் தொண்டு இக்காலத்தில்தான். அந்நாளில் பள்ளிகளில் இயற்பியல் என்றால் நூலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதே. ஹார்வர்டில் சேர விரும்பும் மாணவர் தம் கையால் சோதனை செய்து பழகியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியபோது, எளிய கருவிகளைக் கொண்டு பள்ளியிலேயே செய்யத்தக்க நாற்பது சோதனைகளின் பட்டியலை ஹால் தொகுத்தார். 1887-இல் அச்சான அப்பட்டியலைப் பின்பற்றி அமெரிக்காவில் பல பள்ளிகள் ஆய்வுக்கூடம் அமைத்தன. ஜோசப் பெர்கனோடு சேர்ந்து 1891-இல் ஒரு பாடநூலும் எழுதினார். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம் 1937-இல் அவருக்கு அயர்ஸ்டெட் பதக்கம் அளித்தது. அது சிறந்த ஆசிரியப் பணிக்குத் தரப்படும் பதக்கம்.

அவருடைய பொறுமைக்கு இன்னொரு சான்று. மேலிருந்து விழும் பொருள், பூமி சுழல்வதால் மிகச் சிறிதளவு கிழக்கே விலகும். தெற்கேயும் விலகுகிறதா என்பது நெடுநாளைய சர்ச்சை. 1902-இல் ஹால் ஹார்வர்டின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடக் கோபுரத்தில் 23 மீட்டர் உயரத்திலிருந்து உலோகக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். 948 முறை! கிழக்கு விலகல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் கிடைத்தது. தெற்கு விலகல் உண்டென்று துணிந்து சொல்ல முடியவில்லை. 1919-இல் பாஸ்டன் நகரக் காவலர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, 63 வயதான இந்தப் பேராசிரியர் தொண்டராகத் தெருக்காவல் புரிய முன்வந்தார் என்பதும் அவரது குணத்தைக் காட்டும்.

உலோகத்தில் மின்சாரமும் வெப்பமும் எவ்வாறு ஓடுகின்றன என்பதற்குத் தாமே ஒரு கொள்கை வகுக்க அவர் இறுதிவரை உழைத்தார். அது நூலாக 1938-இல் வெளிவந்தது. உள்ளதைச் சொன்னால், அக்கொள்கை நிலைக்கவில்லை. குவாண்டம் இயற்பியல் வேறு வழியில் சென்றுவிட்டது. அவ்வாண்டே நவம்பர் 20-ஆம் நாள், 83-ஆம் வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஹால் மறைந்தார். கொள்கை போயிற்று, அளவீடு நின்றது. இன்று சிலிக்கான் சில்லில் எத்தனை எலக்ட்ரான்கள் ஓடத் தயாராக உள்ளன என்று எண்ணுவதற்கும், மின் ஸ்கூட்டரின் மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று அறிவதற்கும் ஹாலின் குறுக்கு மின்னழுத்தமே பயன்படுகிறது.

ஆனால் கதையின் பெரிய திருப்பம் அவர் மறைந்து 41 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் ஃபான் கிளிட்சிங், பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில், மிக வலிய காந்தப்புலத்திலும் கடுங்குளிரிலும், சிலிக்கானில் மெல்லிய படலமாக அடைபட்ட எலக்ட்ரான்களைக் கொண்டு ஹாலின் சோதனையைச் செய்தார். குறுக்கு மின்தடை சீராக ஏறாமல் படிக்கட்டுப்போல் ஏறியது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3 என்னும் முழு எண்களால் வகுத்தால் கிடைப்பது. பொருளில் அழுக்கு இருந்தாலும், துண்டின் வடிவம் மாறினாலும் இவ்வெண் அசைவதில்லை. 1985-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

அசையாமைக்குக் காரணம் ஓரத்தில் இருக்கிறது. அந்நிலையில் படலத்தின் நடுவிலுள்ள எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே வட்டமிடுகின்றன, அங்கே மின்சாரம் ஓடாது. ஓரத்திலுள்ளவை மட்டும் வட்டத்தை முடிக்க இடமின்றி ஓரத்தைத் தொட்டுத் தொட்டு ஒரே திசையில் முன்னேறுகின்றன. திரும்பி வரப் பாதையே இல்லை. வழியில் ஓர் அழுக்கு இருந்தால் சுற்றிக்கொண்டு போகின்றன. இதை விளக்க இயற்பியலார் இடவியல் என்னும் கணிதத்தை நாடினர். இட்லியை அமுக்கலாம், நீட்டலாம், எத்தனை மாற்றினாலும் அது இட்லி இனமே. நடுவில் துளையுள்ள உளுந்து வடையாக அதை ஆக்க வேண்டுமானால் ஓரிடத்தில் கிழித்தே ஆக வேண்டும். அவ்வாறே பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பிலும் இனங்கள் உண்டு. ஓரினப் பொருள் முடிந்து வேறினம் தொடங்கும் எல்லையில் அந்த அமைப்பு ‘கிழிந்தாக’ வேண்டும். உள்ளே மின்சாரம் கடத்தாத பொருளும் அந்த எல்லையில் மட்டும் கடத்துவது இதனால்தான். இத்துறைக்கு அடித்தளமிட்ட தவுலஸ், ஹால்டேன், கோஸ்டர்லிட்ஸ் மூவரும் 2016-இல் நோபல் பரிசு பெற்றனர்.

காந்தம் இல்லாமலே இப்படி ஒரு பொருள் இருக்குமா? இருக்கலாம் என்று 2005-இல் கேன், மெலே இருவரும் கணித்தனர். பாதரசமும் டெல்லூரியமும் சேர்ந்த மெல்லிய அடுக்கில் அது நிகழும் என்று பெர்னெவிக், ஹியூஸ், ஜாங் மூவரும் 2006-இல் கூறினர். மறு ஆண்டே மோலன்காம்ப் என்பாரின் குழு அதை அளந்து காட்டியது. எங்கே தெரியுமா? அதே வுர்ஸ்பர்க்கில். பின்னர் பிஸ்மத் செலினைடு போன்ற படிகங்களில் மேற்பரப்பு முழுவதுமே இவ்வாறு கடத்துவதாக 2009-இல் கண்டனர். இவற்றுக்கு டோபாலஜிகல் இன்சுலேட்டர் என்று பெயர், தமிழில் இடவியல் காப்பான் எனலாம்.

இவற்றின் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரானின் தற்சுழற்சி அது ஓடும் திசையோடு பிணைந்தது. நேர் எதிராகத் திரும்ப வேண்டுமானால் தற்சுழற்சியும் தலைகீழாக வேண்டும். காந்தத் தன்மையற்ற அழுக்கினால் அதைச் செய்ய இயலாது. ஆகவே நேர் எதிராகத் திருப்பியடிக்கப்படுவதில்லை. படிகத்தின் மேற்பரப்பில் சாய்வாக விலகுவது மட்டும் உண்டு. மின்தடையே இராது என்று சிலர் எழுதுவது மிகை. அதோடு, பிஸ்மத் செலினைடில் செலினியம் அணுக்கள் சில இடம் காலியாக விட்டுப்போவதால் உட்பகுதியும் ஓரளவு கடத்திவிடுகிறது. மேற்பரப்பின் பங்கை அதிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. அங்கும் ஆய்வாளர் நாடுவது ஹாலின் அளவீட்டைத்தான்.

2013-இல் பெய்ஜிங் நகரின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஷுவே சிகுன் தலைமையிலான குழு, பிஸ்மத், ஆன்டிமனி, டெல்லூரியம் மூன்றும் சேர்ந்த இடவியல் காப்பானில் சிறிது குரோமியம் கலந்தது. குரோமியத்தால் படலம் தானே காந்தமாயிற்று. 1881-இல் ஹால் இரும்பில் கண்ட அதே வகை விளைவு இங்கே படிக்கட்டின் முதல் படியிலேயே, 25,812.807 ஓம் அளவில், வந்து நின்றது. வெளியே காந்தம் எதுவும் தேவைப்படவில்லை. படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு, தங்க ரேக்கைவிடவும் பல மடங்கு மெல்லியது. கம்பிகள் மட்டும் 1879-இல் ஹால் வைத்த அதே இடங்களில், இரு ஓரங்களிலும் எதிரெதிரே, இணைக்கப்பட்டிருந்தன.